நானூற்றுப் பதிமூன்றாவது விதி

மூன்று மணி லோடுக்குக் கதவைச் சாத்திய பிறகுதான் காந்தா கவனித்தாள். திரையின் மூலையில் 'விதிகள் 413' என்றிருந்தது. காலையில்கூட 412 தான்.

ஹெப்பகோடி மருந்துக் கம்பெனியில் பாட்டில்களை நீராவியில் வேகவைக்கும் அந்த ஆளுயர இரும்புப் பெட்டியைப் பற்றி, அதை இயக்கிவந்த சுந்தரமூர்த்திக்குத் தெரிந்ததையெல்லாம், ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, வாய்ச்சொல் மாறாமல் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். இப்படி இருந்தால் இப்படிச் செய் என்று இப்போது அதுதான் சொல்கிறது. ஏற்றி முடித்த வாரமே மனிதர் அந்தப் பெட்டிக்குள் சிக்கி வெந்து செத்துப்போனார், பாவம்.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், சூடான ரப்பர் வாடைக்கு நடுவே, யாரோ விரல் கணுவால் இரும்பைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து, நின்று, யோசித்து, மறுபடி எழுந்தது. பெட்டிக்குள்ளிருந்து.

சுப்ரியா! கூட்டிப் பெருக்குகிற பெண். துடைப்பத்தோடு பெட்டிக்குள் போனவள் வெளியே வந்தாளா? பார்த்த நினைவே இல்லை.

"சுப்ரியா! ஏ புள்ள!"

பதிலுக்குத் தட்டல்தான். திரையில் எழுத்து ஓடியது.

'உள்ளே தட்டினால் கதவைப் பிடி. சொன்னவர்: சுந்தரமூர்த்தி. தேதி: இன்று. நீராவி வர ஒரு நிமிடம்.'

காந்தா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் உறைத்தது. மூர்த்தி ஆனேக்கல்காரர். பாதிப் பேச்சு கன்னடம். கன்னடத்தில் 'பிடி' என்றால் விடு. "ஏன்ணா, பிடிக்கவா விடவா? ஏதாவது ஒரு பாஷையில பேசித் தொலைங்களேன்!" என்று அவரை எத்தனை முறை சீண்டியிருப்பாள்!

இப்போது எது?

கதவு திறந்தால்தான் நீராவி நிற்கும். பிடித்துக்கொண்டே நின்றால் அந்தப் பெண் வெந்துவிடுவாள்.

நாற்பது நொடி. தட்டல் வேகமானது. இருபது.

கைப்பிடியைத் திருப்பினாள். கதவு நான்கு விரல் அகலம் திறந்து, சிக்கியது.

"யாரைக்கா கூப்புடுறீங்க? டீ வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

பின்னாலிருந்து. சுப்ரியா.

தட்டல் நின்றிருந்தது. வெந்த இறைச்சி வாடை.

"மாட்டிக்கிச்சா? நகருங்க, உங்க பலம் எனக்குத் தெரியாதா!" சிரித்தபடி டீயைக் கீழே வைத்துவிட்டு, சுப்ரியா கதவின் விளிம்பைப் பற்றினாள்.

வேண்டாம். குரல் வரவில்லை.

இடுக்கிலிருந்து, தோல் உரிந்து வெளுத்த நான்கு விரல்கள் நீண்டு, சுப்ரியாவின் விரல்களின் மேல் ஒவ்வொன்றாகப் படிந்தன.