பீங்கான் மொட்டுகள்

ஈவரின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்த மார்கிட் வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் தலை வலது தோளில் சாய்ந்தே கிடந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் மாதக்கணக்கில் நீவி, பிடித்து, கெஞ்சிப் பார்த்துவிட்டு, இனி இது இப்படித்தான் என்று கையை விரித்துவிட்டாள். அந்தத் தலை இப்போது நிமிர்ந்து, இடப்பக்கம் திரும்பி, ஜன்னல் விளிம்பில் செடிக்காக எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே கும்மிருட்டு. வடக்கு ஸ்வீடனின் உமியோவில் நவம்பர் கடைசி என்றால் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பகல் மூட்டை கட்டிவிடும்.

"ஈவர், நீயாவா திரும்பின?"

பதில் வராது என்று தெரியும். அவர் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, சக்கர நாற்காலியைச் சுற்றிப் போய் அவர் முகத்தைப் பார்த்தாள். விளக்கின் ஊதா வெளிச்சம் அவர் கண்ணுக்குள் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. கண் கூசும் அந்த வெளிச்சத்திலும் அவர் இமைக்கவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஈவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்தான்: பீங்கான் பூச்செடியைப் பூக்க வைப்பது. தடித்த இலையும் நீளக் கொடியுமாக அது வெயில் நாட்டுச் சரக்கு. எங்கள் ஊரில் பாதி வீட்டு ஜன்னலில் தொங்கும். பூப்பது எங்கோ ஒரு வீட்டில். குளிர்காலத்தில் வெளிச்சம் கிடையாது, அடியில் ஹீட்டரின் அனல், கண்ணாடியில் பனி. பாவம், அதற்கு எது எந்தப் பருவம் என்றே புரியாது. ஈவர் அதைக் குளிரட்டும் என்று மாடிப்படியில் வைத்துப் பார்த்தார். தண்ணீரை நிறுத்திப் பட்டினி போட்டார். விளக்கு வாங்கினார். திட்டினார். ரேடியோ போட்டுவிட்டார். இலைதான் வந்தது.

"உன்னைக் கட்டறதுக்குக்கூட நான் இவ்ளோ கெஞ்சல" என்று அவளைச் சீண்டுவார்.

"நான் பூத்தேன்ல, அது போதாதா?" என்பாள் அவள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டுக்குள் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தவள் மூட மறந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது செடி வெந்த கீரையாகத் தொங்கியது. அவர் வீடு திரும்புவதற்குள் வேறு செடி வேண்டும் என்ற அவசரத்தில்தான் அவள் திருடினாள்.

திருட்டு என்பது பெரிய வார்த்தை. எதற்கெடுத்தாலும் நன்றி, நன்றி என்று சொல்லும் ஜனங்கள் நாங்கள். செடித்துண்டு வாங்கும்போது மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வோம். நன்றி சொன்னால் வேர் பிடிக்காது. யாரும் பார்க்காதபோது கிள்ளி வந்ததென்றால் கொழுகொழுவென்று வரும். விருந்தாளி ஜன்னல் பக்கம் நகர்ந்தால் வீட்டுக்காரி நாசூக்காகச் சமையலறைக்குப் போய்விடுவாள். ஈவர் பயிற்சிக்காகத் தங்கியிருந்த இல்லத்தின் கூடத்தில் அந்தச் செடி ஜன்னல் சட்டம் முழுக்கச் சுற்றி, திரைக்கம்பி வரை ஏறியிருந்தது. அதன் அடியில் ஒரு கிழவி எப்போதும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மார்கிட் அவளுக்குப் பின்னால் குனிந்து ஒரு தண்டை ஒடித்தாள். வெள்ளையாகப் பால் வடிந்தது. அதே நொடியில் கிழவி அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டாள், விரலைக் கதவில் நசுக்கிக்கொண்டவர்கள் போடுவது போல. பார்த்துவிட்டாளாக்கும் என்று மார்கிட் அசடு வழியச் சிரித்து, தண்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

இங்கே குளிர்காலத்தில் எந்தச் செடியும் தூங்கும். இது வளர்ந்தது. இலையே இல்லாத நீளக் கொடிகள் ஜன்னல் விளிம்பைத் தாண்டி, ஹீட்டர் அனலில் லேசாக ஆடியபடி, இருட்டில் சுவிட்சைத் தேடும் விரல்களாக அறையைத் துழாவின. பிறகு மொட்டுகள் வந்தன. சின்னக் குடை போல் ஒரு கொத்து, அதன் பக்கத்தில் இன்னொன்று, வெளிறிய ரோஜா நிறத்தில், மெழுகுப் பளபளப்போடு. ஈவரிடம் அவள் அதைக் காட்டியபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவரைச் சாப்பாட்டு மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். உருளைக்கிழங்கு மசியலை ஆற்றி, கரண்டியில் எடுத்து, ஊதி, நீட்டினாள். கரண்டி அவர் காதில் இடித்தது. அவர் முகம் ஜன்னல் பக்கம் போயிருந்தது. அது திரும்புவதை அவள் பார்க்கவில்லை. பார்க்கும் அளவுக்கு வேகமாக அது திரும்பவும் இல்லை. கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் கொண்டுவந்தாள். கன்னம் சில்லென்று, வழவழவென்று, தடித்திருந்தது. அடுத்த கரண்டியை ஊதி ஆற்றி முடிப்பதற்குள் மறுபடி காது.

விளக்கை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அணைத்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் கிறிஸ்துமஸுக்காகத் தொங்கவிட்ட காகித நட்சத்திரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இருட்டில் நாற்காலியின் தோல் மெல்ல முனகியது. கண் பழகியபோது ஈவரின் முகம் அந்த நட்சத்திரத்துக்கு நேராக இருந்தது. ஜன்னலில் இருந்த இலைகள் அத்தனையும் அந்தப் பக்கம்தான்.

அவள் அவசரமாக விளக்கைப் போட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டிய புருஷனைப் பார்த்து என்ன பயம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பயம் போகவில்லை.

காலையில் அவரைக் குளிப்பாட்ட நகராட்சியிலிருந்து வரும் தெரேஸுக்கு இதெல்லாம் நல்ல சகுனமாகத் தெரிந்தது. கழுத்து நிமிர்ந்துவிட்டது, தோலில் சுருக்கமே இல்லை, பாட்டியாகப் போகிற எனக்கும் அந்த க்ரீம் பேரைச் சொல்லுங்கள் என்று கேலி செய்தாள். உடம்பு சில்லென்று இருக்கிறதே என்று மார்கிட் சொன்னதற்கு, ஹீட்டரைக் கூட்டி வையுங்கள் என்றாள். ஹீட்டர் ஏற்கெனவே முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அவள் சத்தமே இல்லை. மார்கிட் எட்டிப் பார்த்தாள். தெரேஸ் கையில் ஈரத்துணியோடு மொட்டுகளுக்கு முன்னால் நின்றாள். துணியிலிருந்து தண்ணீர் அவள் காலுறையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரேஸ்." இன்னொரு முறை சத்தமாக, "தெரேஸ்."

"ம்? சும்மா பார்த்தேன்." அவள் சிரித்தாள். "எவ்ளோ அழகா இருக்கு. பூத்தா எனக்குச் சொல்லுங்க, என்ன?"

அவள் போனதும் மார்கிட் முடிவு செய்தாள். வெளியே உறைபனி. பால்கனியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், வெயில் நாட்டுச் செடி கருகிவிடும். ஈவர் மனசு உடைந்தாலும் பரவாயில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. தொட்டியைப் பனியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

கிழவி போட்ட அதே சத்தம். ஈவரின் தொண்டையிலிருந்து. அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். வெந்து புழுங்கும் அறைக்குள், கம்பளிப் போர்வைக்குள், அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. இமை மயிரில் பனித்துகள் படிந்திருந்தது. அவள் தேய்த்தாள். வாயால் ஊதினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, அவர் இன்னும் இன்னும் குளிர்ந்தார். கடைசியில் அவளே அழுதுகொண்டு போய்த் தொட்டியை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தாள். உதட்டில் நிறம் திரும்பியது.

செடியை அகற்ற முடியாது. சரி, அவரை அகற்றலாம். நாற்காலியைப் படுக்கையறைப் பக்கம் இழுத்தாள். நகரவில்லை. ஈவரின் இடது கை, செத்துப் போனது என்று டாக்டர் சொன்ன கை, ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பலம் இல்லை.

அந்த இல்லத்துக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ் கலகலப்பாகப் பேசினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிழவியைப் பற்றி மார்கிட் விசாரித்தாள். அங்கேயேதான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று பதில் வந்தது. செடி?

"அதைக் கேட்காதீங்க, நேத்து பூத்துடுச்சு. இந்தக் குளிர்ல! எல்லாரும் இப்போ கூடத்துலதான் இருக்காங்க. எங்க நர்ஸுங்ககூட காப்பிய எடுத்துக்கிட்டு அங்கதான் போறாங்க. நானும் போனை எடுத்துக்கிட்டு அங்கதான் போயிட்டிருக்கேன், கொஞ்சம் இருங்க..."

மார்கிட் காத்திருந்தாள். அத்தனை பேர் இருக்கும் கூடத்தில் ஒரு கோப்பைச் சத்தம் இல்லை. ஒரு இருமல் இல்லை. நர்ஸின் மூச்சு மட்டும் கேட்டது, தூங்குபவர்களுடையது போல் ஒரே சீராக.

"ஹலோ?"

மூச்சு.

மறுநாள் விளக்குக்கு அடியில் முதல் மொட்டு விரிந்துகொண்டிருந்தது. ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு புள்ளி. மார்கிட் கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வெளியே வந்து கூடத்துக் கதவைச் சாத்தினாள். அடியில் துண்டைத் திணித்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, மறுபடி பக்கவாதம், மூச்சுத் திணறுகிறார் என்று பொய் சொன்னாள். இரண்டு பலசாலிகள் வந்தால் போதும், விரலைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் கேட்பது அவ்வளவுதான். ஈவர் பேச வேண்டாம், அவளை அடையாளம் தெரியக்கூட வேண்டாம். அந்த ஜன்னலை விட்டு உயிரோடு வெளியே வந்தால் போதும்.

தெரேஸும் ஆம்புலன்ஸ்காரர்களும் ஒன்றாகத்தான் படியேறி வந்தார்கள். இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள், ஸ்ட்ரெச்சரோடு. மார்கிட் அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, செடியைப் பார்க்காதீர்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அவரை மட்டும் தூக்குங்கள் என்றாள். பெரியவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"நீங்க இங்கயே உட்காருங்க. நாங்க பார்த்துக்கறோம்."

கதவு திறந்தது. துண்டு நகர்ந்தது. வாசனை வந்தது. தேன், சூடான பால், அதற்கு அடியில் வேறு ஏதோ, மூடிய அறையில் வெகுநாள் படுத்திருந்த உடம்பின் வாடை.

"அடேயப்பா," என்றாள் தெரேஸ் உள்ளேயிருந்து. "பூத்துடுச்சா."

ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருண்டது. நின்றது.

மார்கிட் நடையில் நின்றாள். துணியை மூக்கில் அழுத்திக்கொண்டாள். ஹீட்டர் எங்கோ தட்டியது. குழாய் சொட்டியது. உள்ளே யாரும் பேசவில்லை. தூக்கும்போது ஆண்கள் போடும் முக்கல் இல்லை. காலடி இல்லை.

கூப்பிட்டாள். யாரும் வரவில்லை.

பின்னால் வாசல் கதவு திறந்தே இருந்தது. படிக்கட்டு. அடுத்த வீட்டு மிதியடி. ஓடிவிடலாம். ஆனால் உள்ளே ஈவர்.

உள்ளே போனாள். தரையைப் பார்த்தபடி. கம்பளம். ஸ்ட்ரெச்சரின் சக்கரம். காலியாக விரித்த போர்வை. ஈவரின் செருப்பு. அதன் பக்கத்தில் இரண்டு ஜோடி பூட்ஸ். தெரேஸின் காலுறை. எல்லா முனைகளும் ஜன்னல் பக்கம்.

ஈவரை மட்டும் பார்க்கலாம் என்று நிமிர்ந்தாள். நால்வரும் வரிசையாக இருந்தார்கள். வாய் லேசாகத் திறந்து. யாரும் இமைக்கவில்லை. பெரியவனின் கன்னத்தில் அதற்குள் அந்த மெழுகுப் பளபளப்பு. ஈவர் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"ஈவர்," என்றாள். "என்னைப் பாரு."

துணி கையிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியவில்லை.

பெரியவனின் தோளில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. என்ன நிலைமை என்று ஒரு பெண் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

மார்கிட்டின் தாடை நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு இழுத்தது. வலிக்கவில்லை. அதுதான் கொடுமை, கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ஈவரின் காது தெரிந்தது. அப்புறம் ஜன்னல் சட்டம். அப்புறம் ஊதா வெளிச்சம்.

பூ அழகாக இருந்தது.

"பதில் வரல," என்றது வயர்லெஸ். "பயப்படாதீங்க, இன்னொரு வண்டி அனுப்பறோம்."

வெகுநேரம் கழித்துக் கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. படியில் காலடிகள், நிறைய. வாசல் கதவு திறந்தே இருந்தது. கத்த வேண்டும் என்று மார்கிட் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பூவைப் பார்த்தாள். பாதிப் படியில் யாரோ நின்று மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டார்கள்.

"என்னப்பா இது, இவ்ளோ நல்லா மணக்குது?"