மிச்சப் பெயிண்ட்

பங்களாவின் சாவியைக் கொடுத்த காவல்காரர் வாசலோடு நின்றுவிட்டார்.

"மாடி ரூமை மட்டும் சுரண்டாதீங்க தம்பி. மேலாக்க ஒரு கோட் அடிச்சுட்டுக் கிளம்புங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டாமல் புதுசு அடிப்பவன் பெயிண்டரே இல்லை என்பது என் கட்சி. வீட்டைப் புதிதாக வாங்கியிருந்த டாக்டரம்மாவும் வேலைச் சுத்தத்துக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

என்னோடு வந்தவர் என் தங்கையின் கணவர். எத்தனையோ வருஷம் ஏங்கி, இப்போதுதான் அவளுக்கு நிறைமாதம். மாப்பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மிஞ்சுற பெயிண்டை எங்க ரூமுக்கு அடிச்சுடலாமா மச்சான்? குழந்தை வர்ற நேரம்."

மிச்சப் பெயிண்டைத் தன் வீட்டுக்கு அடிக்காத பெயிண்டர் எந்த ஊரில் இருக்கிறான்? சரி என்றேன்.

மாடி அறையில் வெயில் நன்றாக விழுந்தது. ஆனாலும் உள்ளே சில்லென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை, அதற்கடியில் மருந்து வாடை. நான் இளஞ்சிவப்புப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். தகடு எதிலோ இடறியது.

சுவர் ஒரு கையின் வடிவில் உப்பியிருந்தது.

ஒரு சிறுமியின் கை. ஈரத்தில் யாராவது கை வைத்திருந்தால் குழிதான் விழும். இது உள்ளிருந்து தள்ளியது.

அதற்கடியில் இருந்த மஞ்சளில் தடித்த ஆண் கை, மோதிரத்தோடு. அதற்கும் அடியில் பச்சையில் ஒரு பெண் கை. மணிக்கட்டில் வளையல்கூடத் தெரிந்தது.

"விட்டுடலாம் மச்சான்." மாப்பிள்ளை கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"சும்மா இருங்க மாப்ளே. சுவர்ல ஈரம், அவ்வளவுதான்." வீம்புக்கு உப்புக் காகிதம் போட்டு எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளினேன். தூள் பறந்து, திறந்திருந்த பெயிண்ட் வாளியில் விழுந்தது.

"வாளி பூரா தூளு மச்சான்!"

"துணியில வடிகட்டிக்குங்க."

டீ குடிக்க இறங்கியபோது காவல்காரரிடம் கேட்டேவிட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வீட்டைக் கட்டினவர் மரக்கடை முதலாளி. அவர் சம்சாரம் அந்த ரூம்லதான் போனாங்க. அப்புறம் வாங்கின ஜட்ஜ் ஐயாவும் அங்கேயேதான். கடைசியா பாட்டு டீச்சரோட மக."

"செத்தவங்க நினைவா யாரோ செஞ்சு வெச்சிருப்பாங்க."

"இல்ல தம்பி." அவர் குரலைத் தாழ்த்தினார். "கைதான் முதல்ல வரும்."

வேலையை முடித்தோம். வெள்ளைச் சுவர் கண்ணாடி மாதிரி நின்றது. அடுத்த வாரம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் மாடி ஏறித் தடவிப் பார்த்தேன். ஒரு புடைப்பு இல்லை. அப்பாடா என்றிருந்தது. காவல்காரரை நன்றாகக் கிண்டல் செய்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். முந்தின நாள்தான் மாப்பிள்ளை மிச்சப் பெயிண்டை அந்த அறைக்கு அடித்து முடித்திருந்தார். காற்றாட எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஆனாலும் உள்ளே சில்லென்று இருந்தது.

"ஊருக்கெல்லாம் பெரிய பெயிண்டருங்க! இங்க பாருண்ணா, அதுக்குள்ள உப்பிடுச்சு."

அவள் தலைமாட்டில், சுவரில், ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைப்பு. குனிந்து பார்த்தேன். அதிலிருந்து குட்டிக் குட்டியாக ஐந்து விரல்கள்.

மாப்பிள்ளையும் பார்த்தார். அவர் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு கீழே விழுந்தது.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" தங்கை சிரித்தாள். பிறகு வயிற்றில் கை வைத்தாள். சிரிப்பு நின்றது.

"அண்ணா... காலையிலேருந்து அசைவே இல்லண்ணா."

நான் அந்தப் புடைப்பை மறைக்கப் பதறிப்போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

சுவருக்குள்ளிருந்து, மெதுவாக, ஏதோ உதைத்தது.