முன்னிருக்கை

வால் எழும்பத் தாமதமானது. தனியாக ஏறினால் திடலின் பாதிக்குள் விமானத்தின் வால் எழும்பிவிடும். சீவரத்தினத்துக்கு அது உடம்பிலேயே ஊறிய கணக்கு. இன்று முக்கால் திடல் ஓடிய பிறகுதான் எழும்பியது. இரண்டு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. புல் ஈரம், வேறொன்றுமில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மூன்று நாளாக மழையே இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

வாரம் முழுக்க பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை, ஞாயிற்றுக்கிழமை பறக்கும் கிளப். 1934-இல் கோலாலம்பூரில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு இதைவிடப் பெரிய வீம்பு இருக்க முடியாது. இன்று தனியாகக் கிள்ளான்வரை போய்த் திரும்பிவிட்டால் லைசென்ஸ் அவனுடையது. கூடப் பறந்த சிநேகிதன் வீரசிங்கம் விபத்தில் செத்த பிறகு இதுதான் முதல் ஏற்றம். இறக்கையை மாற்றிப் புது வர்ணம் பூசிய அதே விமானம்.

புறப்படுமுன் காற்றாடியைச் சுற்றிவிட்ட மெக்கானிக் கன்னையா, “மேக்கால இருட்டிக்கிட்டு வருது, கிராணியாரே. முடியலன்னா கௌரவம் பாக்காம திரும்பிடுங்க லா” என்றான். பிறகு காலியாகக் கிடந்த முன்னிருக்கையை எட்டிப் பார்த்தான். “இந்த பெல்ட்ட நீங்களா மாட்டினீங்க?”

“நீதானே மாட்டினாய்?”

கன்னையா பூட்டிக் கிடந்த பெல்டையே பார்த்தபடி பின்வாங்கிப் போனான்.

முன்னும் பின்னுமான இரண்டு இருக்கைக்கும் கூரை கிடையாது. பறக்கும்போது பேசிக்கொள்ள ஒரு ரப்பர்க் குழாய் உண்டு; அதன் ஒரு நுனி சீவரத்தினத்தின் தொப்பிக்குள், காதோடு ஒட்டியிருந்தது. முன்னால் ஆளில்லாதபோது அதில் காற்று மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். பெட்டாலிங்கைத் தாண்டி, ரப்பர்த் தோட்டங்களின் கரும்பச்சைக்கு மேலே மழைமேகம் நாலாபுறமும் வந்து சூழ்ந்து, இறக்கையின் நுனிகூடப் பாலில் கரைந்தாற்போல மறைந்தபோது, அந்த இரைச்சல் நின்றது. எதிர்முனையை யாரோ வாயால் பொத்திக்கொண்டதுபோல.

பெட்ரோல் வாடைக்கு மேலே ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

வேகமானியின் முள் மெல்லச் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. மழைநீர் புகுந்திருக்கும், பயப்படாதே. எஞ்சின் இருமியது. மீண்டும் இருமியது. நின்றுவிட்டது. காற்றாடி கண்ணெதிரே குத்துக்கல்லாக நின்றது.

மூக்கைத் தாழ்த்து. கம்பிகளைக் கேள். இறக்கைகளைக் கட்டிய கம்பிகளின் ரீங்காரம்தான் இனி வேகமானி. ஓசை மங்கினால் வேகம் போதாது, கீச்சிட்டால் அதிகம். சீவரத்தினம் காதைத் தீட்டிக்கொண்டு, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கைப் பிடித்திருந்தான். அவன் நல்ல விமானிதான். பயத்திலும் கை சரியாகவே வேலை செய்தது.

“சீவா.”

குழாயில்தான். மிக அருகில்.

“விடு.”

வீரசிங்கத்தின் குரல். ஆனால் அந்தச் சொல்லை அவன் சொன்னதே இல்லை.

மாசியிலும் இப்படித்தான் மேகத்துக்குள் எஞ்சின் நின்றது. பெட்ரோல் குழாயின் திருகைத் திறக்க முன்னிருக்கையில் குனிந்த வீரசிங்கம், “விடாதை! ஸ்டிக்கை விடாதை!” என்று கத்தினான். சீவரத்தினம் விட்டுவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். விமானம் கிள்ளான் ஆற்றுச் சேற்றில் மூக்கைக் குத்தியது. விசாரணையில் துரைமார் கேட்டபோது அந்தச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டான். ‘விடு’ என்றான் வீரசிங்கம், ஸ்டிக் அவன் கையில்தான் இருந்தது என்று சாதித்தான். செத்தவனின் மனைவி தங்கரத்தினம் அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள்.

“விடு, சீவா. நான் பிடிச்சிட்டன்.”

ஸ்டிக் முன்னால் இழுபட்டது. இரண்டு இருக்கையின் ஸ்டிக்கும் அடியில் ஒன்றோடொன்று பிணைந்தவை. அந்தப் பக்கம் ஒரு கை இழுக்கிற இழுப்பு அவன் மணிக்கட்டில் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி இழுத்தான்.

“மாட்டன்! நீ விடாதை எண்டுதானே சொன்னனீ! நான்தான் பொய் சொன்னனான். தங்கரத்தினத்திட்டச் சொல்லுறன், எல்லாரிட்டையும் சொல்லுறன். என்னை விட்டிடு, மச்சான்!”

இழுப்பு நின்றது. ஸ்டிக் லேசாகிவிட்டது. ஒன்பது மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கழன்று விழ, சீவரத்தினம் வாய்விட்டு அழுதான். மேகமும் விலகியது, மழை மட்டும் விடவில்லை. கீழே பழுப்பு ஆறு, அதற்கப்பால் நீளமான பச்சைத் திடல். ஐந்நூறு அடி உயரம் இருக்கும். போதும். அவனால் இறக்கிவிட முடியும்.

முன்னிருக்கையிலிருந்து இரண்டு கைகள் எழுந்தன.

விளிம்புக்கு மேலே, விரல்களை விரித்தபடி. நான் விட்டுவிட்டேன், இனி உன் பாடு என்று காட்ட விமானிகள் கைகளை அப்படித்தான் தூக்குவார்கள். விரலிடுக்கெல்லாம் சேறு. மழை அதைக் கழுவவில்லை.

மன்னித்துவிட்டான். அப்படித்தான் நினைத்தான் சீவரத்தினம்.

கம்பிகளின் ஓசை ஏறியது. கீச்சிட்டது. மூக்கு தாழ்கிறது. இழு. ஸ்டிக்கை இழு.

உள்ளங்கைகளில் மழை அடித்தது.

அண்ணாந்து பார்த்தான். அவனுடைய கைகள் இரண்டும் தலைக்கு மேலே நின்றன, விரல்களை விரித்தபடி. எப்போது தூக்கினான்? இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை.

நாலு கைகளும் வானத்தில் இருந்தன. முழங்கால்களுக்கு நடுவே ஸ்டிக் மட்டும், மெல்ல மெல்ல, முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது.