கோட்டைக்குள் வந்த மூடுபனி

ஜெனிஸ்ரனின் அறை ஜன்னலைத் திறந்தால் ஒரு கோட்டை தெரியும். பாதி இடிந்த கோட்டை. எண்ணூறு வருடப் பழசு.

மோனிகாவின் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிகள் தெரியும். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு மஞ்சள் மூடி.

மோனிகாவுக்குப் பத்து வயது. அவள் சிட்னியில், கிரவீனில் இருக்கிறாள். ஜெனிஸ்ரன் அவளுடைய சித்தப்பாவின் மகன். அவனுக்கு எட்டு வயது. ஜேர்மனியில் ஒரு மலை உச்சியில் இருக்கும் மிகச் சின்ன ஊரில் இருக்கிறான். அந்த ஊரின் பெயரைச் சொல்ல மோனிகா எத்தனையோ தடவை முயன்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பாதியில் தும்மல் வந்ததுபோல ஆகிவிடும்.

இருவரும் நேரில் ஒருநாளும் சந்தித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார்கள். இவளுக்கு ஜேர்மன் மொழி தெரியாது. அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது தமிழ்தான். அதனால் சண்டை பிடிப்பதும் தமிழில்தான்.

"அக்கா, எப்ப இங்க வருவீங்கள்?" என்று ஒருநாள் ஜெனிஸ்ரன் கேட்டான்.

"அப்பாவின்ர விசா இன்னும் சரிவரேல்லை. இப்ப வெளியால போனால் அவர் திரும்பி வரேலாதாம்."

"அப்ப நீங்களும் பெரியம்மாவும் வாங்கோ."

"அப்பாவை விட்டிட்டோ?"

ஜெனிஸ்ரன் மூக்கு நுனியைச் சொறிந்தான். அவன் யோசிக்கும்போது அப்படித்தான் செய்வான்.

"சரி. அப்ப நானே உங்களைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன். வாற ஞாயிறு. உங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி, எங்களுக்குக் காலமை ஒன்பது. வெளிக்கிட்டு நில்லுங்கோ."

அடுத்த ஞாயிறு மாலை மோனிகா தலை சீவினாள். பச்சைச் சட்டையைப் போட்டாள். சப்பாத்தையும் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா யோசப்பின் எட்டிப் பார்த்தார். "எங்க பிள்ளை வெளிக்கிடுறாய்?"

"கோட்டைக்கு."

"ஓம், போயிட்டு வா. ஆனா சப்பாத்தோட கதிரையில கால் வைக்காத."

சரியாக ஆறு மணிக்கு டேப்லெட் ஒலித்தது. ஜெனிஸ்ரன் தொப்பியும் கழுத்துத் துணியுமாக நின்றான். கையில் சித்தப்பாவின் பழைய போன்.

"வாங்கோ அக்கா!" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிப் பிடித்தான்.

கல் பதித்த ஒரு சின்னத் தெரு மேலே ஏறியது. இரண்டு பக்கமும் மரச் சட்டங்கள் வைத்துக் கட்டிய வீடுகள். ஒரு ஜன்னலில் பூனை ஒன்று இருந்தது. ஊரே இன்னும் தூக்கத்தில் இருந்ததால், ஜெனிஸ்ரனின் காலடிச் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது. தெரு முடிந்த இடத்தில் கோட்டை வாசல் நின்றது. வளைவின் பாதி இருந்தது. மற்றப் பாதி இருந்த இடத்தில் வானம் இருந்தது.

மோனிகா மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு வரைதல் கொப்பியைத் திறந்து, போகும் வழியை வரையத் தொடங்கினாள். ஒரு திருப்பத்தையும் விடவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் கொப்பியின் வழியே தனியாக இன்னொரு தடவை உள்ளே போய்வர வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"இது கிணறு. இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கு. கல்லுப் போட்டால் சத்தம் கேட்க நாலு செக்கன் எடுக்கும்," என்றான் ஜெனிஸ்ரன்.

மோனிகா கிணறு வரைந்தாள்.

"இந்தச் சுவரில மூண்டு வாசல். முதலாவதுக்குள்ள போகக்கூடாது. சங்கிலி கட்டியிருக்கு. அங்கால தரையே இல்லை, பள்ளம்தான். ரெண்டாவது நிலவறைக்குப் போகுது. நாங்கள் மூண்டாவதால போவம்."

மோனிகா மூன்று வாசல்கள் வரைந்தாள். முதலாவதில் பெரிய பெருக்கல் குறி போட்டாள்.

மூன்றாவது வாசலுக்குள் ஒடுங்கிய பாதை. அதைத் தாண்டினால் அந்தக் காலத்துக் குசினி. கூரை இல்லை. ஆனால் அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு காரையே நிறுத்தலாம். அடுப்புக்குள் ஒரு மரம் வளர்ந்து, புகைபோக்கி வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா! இஞ்ச வந்து பாருங்கோ, இவையின்ர குசினியை!" என்று மோனிகா கத்தினாள்.

"எங்கட குசினியையே நான் போதுமான அளவு பாத்திட்டன்," என்று அம்மாவின் பதில் வந்தது.

குசினியிலிருந்து மூன்று படி ஏறினால் ஓர் அறை. அதன் சுவரில் ஆளுயர ஜன்னல். ஜன்னலின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கல் இருக்கைகள்.

ஜெனிஸ்ரன் ஒன்றில் ஏறி இருந்தான். எதிரில் இருந்த கல்லில் போனைச் சாய்த்து வைத்தான். "அது உங்கட இடம் அக்கா."

இப்போது இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். கீழே எங்கோ ஓர் ஆறு. இங்கே கிரவீனில் வெள்ளைக் கிளிகள் கத்திக்கொண்டு கூட்டுக்குப் பறந்தன. அந்தச் சத்தமும் அந்தக் காற்றும் ஒன்றாகக் கலந்து, தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மோனிகாவுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

"இந்தக் கல்லில முந்தி ஆர் இருந்திருப்பினம்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்காவும் தம்பியும்தான்," என்றான் ஜெனிஸ்ரன், தெரிந்தவன்போல.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"ஜெனிஸ்ரன், அது என்ன?"

அவன் திரும்பிப் பார்த்தான். அதற்கு ஜேர்மன் மொழியில் என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். தமிழ்ப் பெயர் இருவருக்கும் தெரியவில்லை.

"புகை மாதிரி. ஆனா புகை இல்லை. ஆத்தில இருந்து வாறது," என்றான் அவன்.

அது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கூரை இல்லாத இடம் வழியாகவும் இறங்கியது. முதலில் எதிர்ச் சுவர் போனது. பிறகு படிகள் போயின. சிறிது நேரத்தில் டேப்லெட் முழுவதும் வெள்ளையாகி, ஜெனிஸ்ரனின் சிவப்புத் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதுவும் அசைந்தது.

"அக்கா, நான் வீட்ட ஓடப் போறன்."

மோனிகாவுக்குச் சங்கிலி கட்டிய வாசல் நினைவுக்கு வந்தது. இந்த வெள்ளைக்குள் சங்கிலி எப்படித் தெரியும்?

"ஓடாத! இருந்த இடத்திலயே இரு. போனை மட்டும் எடுத்துக் கையில வச்சுக்கொள்."

"வழி எனக்குத் தெரியும்."

"வழி தெரியும். ஆனா இப்ப வழியே தெரியேல்லையே? இரு தம்பி. அசையாத."

அவன் இருந்தான். அவனுடைய மூச்சுச் சத்தம் வேகமாகக் கேட்டது.

மோனிகா திரும்பி அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா பொனிபஸ் வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தார். தோளில் இரண்டு துவாயுடன் ஓடி வந்தார்.

"அப்பா, சித்திக்குக் கோல் எடுங்கோ. ஜெனிஸ்ரன் கோட்டைக்குள்ள நிக்கிறான். ஒண்டும் தெரியாமல் வெள்ளையா மூடிட்டுது."

"மூடுபனி," என்றார் அப்பா. அதற்குள் அவர் விரல் இலக்கங்களை அழுத்திவிட்டது.

சித்தப்பா பேக்கரியில் வேலையில் இருந்தார். வீட்டில் றொஷானிச் சித்தி மட்டும்தான். செய்தி கேட்டதும் அவர் வீட்டுச் செருப்போடேயே மலைத்தெருவில் ஏறத் தொடங்கினார். அப்பா தன் போனை ஸ்பீக்கரில் போட்டு, டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா வந்துகொண்டிருக்கிறா," என்றாள் மோனிகா ஜெனிஸ்ரனிடம்.

"நான் அழேல்லை. குளிருது," என்றான் அவன்.

"எனக்கு இங்க வேர்க்குது. அரைவாசியை நீ எடு."

அவன் சிரிக்கவில்லை. மோனிகா யோசித்தாள்.

"சரி, கண்ணை மூடு. மூடிட்டியா? நான் உனக்கு முன்னால மற்றக் கல்லில இருக்கிறன். என்ர முழங்கால் உன்ர முழங்காலில முட்டுது."

அவனுடைய மூச்சுச் சத்தம் மெல்லக் குறைந்தது.

"என்ன உடுப்புப் போட்டிருக்கிறீங்கள்?"

"பச்சைச் சட்டை. கறுப்புச் சப்பாத்து."

"உண்மையாவே சப்பாத்துப் போட்டோ வந்தனீங்கள்?"

"கோட்டைக்கு வெறுங்காலோடயோ வாறது?"

இந்தத் தடவை ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

பக்கத்துப் போனில் சித்தி மூச்சு வாங்கினார். "வாசலுக்கு வந்திட்டன். ஜெனி! ஜெனி!"

"ஜெனி... ஜெனி... ஜெனி..." என்று சுவர்கள் திருப்பிச் சொல்லின.

"அம்மா!" என்று ஜெனிஸ்ரன் கத்தினான்.

அது இன்னும் மோசமாகப் போனது. "அண்ணா, எல்லாப் பக்கத்தாலயும் அவன்ர குரல் கேக்குது! எங்கால போறதெண்டு தெரியேல்லை. நான் ஒருநாளும் இதுக்குள்ள வந்ததில்லை!" சித்தி அழுதுவிடுவார்போல் இருந்தது.

அப்பா மோனிகாவைப் பார்த்தார். மோனிகா கொப்பியைப் பார்த்தாள்.

"சித்தி, எனக்கு வழி தெரியும்," என்றாள். "நேரா நடவுங்கோ. மெல்ல. வலப்பக்கம் ஒரு கிணறு வரும்."

செருப்புச் சத்தம். "ஓம், இரும்புக் கம்பி. கிணறுதான்."

"அதுக்கு நேர எதிரில ஒரு சுவர். அதில மூண்டு வாசல் இருக்கும். முதலாவதில சங்கிலி கட்டியிருக்கும். அதுக்குள்ள போகவே கூடாது."

"சங்கிலி இருக்கு. பக்கத்தில இன்னொண்டு. ரெண்டுதான் பிள்ளை இருக்கு. மூண்டாவது இல்லை!"

மோனிகா கொப்பியை மறுபடியும் பார்த்தாள். பிழையாக வரைந்துவிட்டாளா? அவள் கண்ணை மூடினாள். கிணற்றிலிருந்து மறுபடியும் நடந்து பார்த்தாள். ஜெனிஸ்ரன் மூன்றாவது வாசலுக்குள் போகும்போது ஏதோ இலைகளைக் கையால் ஒதுக்கியது ஞாபகம் வந்தது. சுவர் முழுக்கப் படர்ந்த கொடி.

"இருக்கு சித்தி. சுவரைக் கையால தொட்டுக்கொண்டே போங்கோ. இலையள் கையில படும். அதை விலத்துங்கோ."

ஒரு நிமிடம் இலைகள் சரசரக்கும் சத்தம் மட்டும் வந்தது. அம்மாவும் கையில் கரண்டியோடு வந்து பின்னால் நின்றார்.

"இருக்கு! வாசல் இருக்கு!" என்றார் சித்தி.

"உள்ள போங்கோ. ஒடுங்கின பாதை. முடிவில பெரிய அடுப்பு. அதுக்குள்ள மரம்."

"அடுப்புக்குள்ள மரமோ?... ஐயோ, ஓம், மரம்தான்!"

"இப்ப இடப்பக்கம் மூண்டு படி. எண்ணிக்கொண்டு ஏறுங்கோ."

"ஒண்டு," என்றார் சித்தி.

"ரெண்டு," என்றார். அந்த 'ரெண்டு' இரண்டு தடவை கேட்டது. ஒருமுறை அப்பாவின் போனில். இன்னொரு முறை, மிக மெல்லியதாக, டேப்லெட்டில்.

மோனிகா நிமிர்ந்தாள். "ஜெனிஸ்ரன், கேட்டுதா?"

"மூண்டு!"

இப்போது டேப்லெட்டில்தான் சத்தம் பெரிதாக இருந்தது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. பிறகு சித்தியின் பச்சைச் சுவெற்றர் வந்தது. பிறகு படம் தலைகீழாகி, கல்லும் தொப்பியும் செருப்புமாகச் சுழன்றது. அங்கே இரண்டு போன்களும் கிட்ட வந்ததில், இங்கே இரண்டு கருவிகளும் கீச்சென்று கத்தின. அப்பா அவசரமாகத் தன் போனை அணைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டா," என்றாள் மோனிகா. அம்மா கரண்டியை மேசையில் வைத்துவிட்டு அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

மூடுபனி கோட்டையை விட்டுக் கீழே இறங்கும் வரை சித்தியும் ஜெனிஸ்ரனும் அந்தக் கல்லிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். சித்தி முதலில் ஏசினார். பிறகு முத்தம் கொடுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஏசினார். கடைசியில் எழுந்து, "வா, வீட்ட போவம்," என்றார்.

"அக்காவுக்கு இன்னும் கோபுரம் காட்டேல்லை," என்றான் ஜெனிஸ்ரன்.

"என்னடா விளையாட்டு?"

"அவ சிட்னியில இருந்து வந்திருக்கிறா அம்மா."

சித்தி போனைப் பார்த்தார். அதற்குள் தெரிந்த மோனிகாவைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். "ஏறுவம். ஆனா என்ர கையை விடக்கூடாது."

இரும்புப் படிகள் சுற்றிச் சுற்றி ஏறின. சித்தி ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். உச்சிக்கு வந்ததும் ஜெனிஸ்ரன் போனைத் தலைக்கு மேலே உயர்த்தினான்.

மூடுபனி முழுவதும் இப்போது அவர்களுக்குக் கீழே இருந்தது. ஊர் இல்லை, ஆறு இல்லை, தெரு இல்லை. வெயிலில் மின்னும் வெள்ளை மட்டும், அடிவானம் வரைக்கும். அதற்குள்ளிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மலை உச்சிகள் தீவுகள்போல எட்டிப் பார்த்தன. மணிக்கூண்டு ஒன்றின் நுனியில் தங்கச் சேவல் மினுங்கியது.

"பதினொரு வருசமா இந்த ஊரில இருக்கிறன்," என்றார் சித்தி மெதுவாக. "இண்டைக்குத்தான் இதைப் பாக்கிறன்."

மோனிகா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அப்பா ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு துவாயும் இன்னும் அவர் தோளில்தான் இருந்தன.

"சோறு போட்டாச்சு, சாப்பிட வாங்கோ," என்று குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"ரெண்டு நிமிசம்," என்றார் அப்பா, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

அம்மா வந்து பார்த்தார். பிறகு தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சோறு நன்றாக ஆறிப்போன பிறகுதான் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள்.