மூன்று கெண்டைகள் மட்டும்

காலை ஆறு மணிக்கு கியென் குளத்தங்கரைக்கு வந்தபோது கெளுத்திகள் வயிறு வெளுத்து மிதந்தன. தெத் புத்தாண்டுச் சந்தைக்கென்று வளர்த்த மீன்கள். அவர் கை பக்கத்துத் தோட்டத்தை நோக்கி நீண்டது. "தோவான்தான். நேத்து கரையில நின்னு மருந்தடிச்சான். என் கண்ணால பாத்தேன்."

இதில் ஒரு கல்யாணமும் மாட்டிக்கொண்டது. கியெனின் மகள் மியெனை தோவானின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். விஷம் வைத்த வீட்டுக்குப் பெண் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். மியென் அழவில்லை. படகை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், துயெத்தை அழைத்து வந்தாள். துயெத் குறைவாகப் பேசி நிறையப் பார்க்கும் பெண் அதிகாரி.

முதலில் தோவான்.

"எதுக்கு மருந்தடிச்சீங்க?"

"செண்டுமல்லித் தொட்டிக்கும்மா. புது வருஷத்துக்கு விக்கணுமே."

"குளத்துல விழுந்துச்சா?"

"ரெண்டு துளி விழுந்திருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

ஊருக்கு அது போதும். துயெத்துக்குப் போதவில்லை. அவர் கியெனின் குளத்தைக் குனிந்து பார்த்தார். தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். செத்த மீன்களுக்கு நடுவே மூன்று சிவப்புக் கெண்டைகள் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன.

அவற்றை விட்டது கியெனின் மனைவி ஹான். வருஷக் கடைசியில் அடுப்புச்சாமி கெண்டையின் மேலேறித்தானே வானத்துக்குப் போய், வீட்டு நடப்பைச் சொல்லுவார்? தோவான் வீட்டம்மாவும் ஹானும் ஒரே கூடையில் பங்கு போட்டு வாங்கி, ஆளுக்கு மூன்றாகத் தங்கள் குளத்தில் விட்டிருந்தார்கள். தோவானின் குளம் பச்சைப் பாசி, வாத்து எச்சம். அதில் கெளுத்தியும் கெண்டையும் துள்ளின.

துயெத் இரண்டு குளத்துத் தண்ணீரையும் மீன்களையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டார்.

"விஷம் இல்ல. விஷம்னா கெண்டையும் செத்திருக்கும். இது கிருமி. இந்தப் பக்கத்துக் கிருமியே இல்ல. வடக்குப் பண்ணையிலேர்ந்து கெண்டையோட வந்தது. கெண்டைக்கு அது பழகிப்போச்சு."

கியென் விடவில்லை. "அப்ப இவன் குளத்துல ஏன் சாகல?"

"அங்கயும் கிருமி இருக்கு, சொற்பமா. நீங்க குளத்தை எப்பக் கழுவுனீங்க?"

கியெனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருஷம் பிறக்கப் போகிறது, வீடு பளபளக்கும்போது குளம் மட்டும் நாறலாமா? கெண்டை விடுவதற்கு முந்தின வாரம்தான் மீனை வலையில் ஒதுக்கி, தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பொடி போட்டுத் தேய்த்து, ஆழ்குழாய்த் தண்ணீர் நிரப்பினாராம். அடுப்புச்சாமி மேலே போய் நல்லதாகச் சொல்லட்டும் என்று.

துயெத் தலையாட்டினார். "தோவான் குளத்துல கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல குடியிருக்கு. புதுசா வந்ததுக்கு உக்கார எடமில்ல, திங்க மிச்சமில்ல. உங்க குளத்துல குடியிருந்தவங்கள எல்லாம் நீங்களே காலி பண்ணிட்டீங்க. வந்தவன் பாய விரிச்சுப் படுத்துட்டான்."

"அப்ப குத்தவாளி?"

"பொடி மூட்டையப் பிரிச்ச கை."

கியென் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தோவான் இத்தனை நாள் அடக்கிவைத்த மூச்சைப் பெரிதாக விட்டார். மியெனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் கியென் வேலியோரம் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, குளத்தை மறுபடி நிரப்பணும். ரெண்டு பீப்பா அழுக்குத் தண்ணி தருவியா?"

தோவான் செண்டுமல்லிக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றி முடித்தார். "சும்மா தர முடியாது. பொண்ணுக்கு நாங்க கொண்டுவர்ற சீர்வரிசையில சேத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் படகிலிருந்து வெற்றிலைபாக்குத் தட்டுக்கு முன்னால், சிவப்புத் துணி கட்டிய இரண்டு பீப்பாய்கள் இறங்கின. பாசி வாடை தூக்கியது. கியென் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.