பதினொரு அழைப்புகள்

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் விதுர்ஷாவின் போன் அலறியது.

அவளால் எடுக்க முடியாது. தலையில் பதினான்கு தையல். நினைவு திரும்பவில்லை.

பெண்கள் அமைப்பில் வேலை பார்க்கும் கஜானி எடுத்தாள்.

"புள்ள... உசிரோட இருக்கியா?"

ஆண் குரல்!

"ஆரு கதைக்கிறது?"

பட்டென்று வைத்துவிட்டான்.

கஜானி வந்த நம்பரைப் பார்த்தாள். பொலிஸில் புருஷன் நிதுர்ஷன் சொன்னது இதைத்தானா? பெண்சாதிக்குக் கள்ளத்தொடர்பாம். ஒரே நம்பருக்குப் பதினொரு தடவை போன் எடுத்துப் பேசினாளாம். அதனால்தான் உலக்கையைத் தூக்கினானாம். சார்ஜன்ட்டும் 'குடும்பப் பிரச்சினை' என்று புகார்க் கொப்பியை மூடிவிட்டார்.

அதே நம்பர்தான் இது.

நாட்டில் யுத்தம் ஓய்ந்து ஒரு வருடம். நாலு மாதமாக வவுணதீவு, சித்தாண்டி, தன்னாமுனை என்று ஊர் ஊராகக் கஜானி கார்ட்டூன் படம் காட்டி வந்தாள். அடி வாங்கும் ஒருத்தி துணிந்து போன் எடுக்கிற படம். முடிவில் உதவிக்கு ஒரு நம்பர். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆனால் அலுவலகப் போன் ஒரு நாளும் அடிக்கவில்லை. அலைந்ததெல்லாம் வீண் என்று வெறுத்தே போயிருந்தாள்.

தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு எடுத்தாள்.

"ஹாட்வெயார் கடை. காத்தான்குடி."

அரை மணியில் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். எதிரே நரைத்த தாடியோடு முதலாளி கச்சி முகம்மது.

"பெண்கள் அமைப்பில இருந்து வாறன். விதுர்ஷாவ எப்பிடித் தெரியும்?"

"நீங்கதானா அந்தக் கார்ட்டூன் படக்காரர்? நாலு மாசமாத் தேடுறன் புள்ள."

அவர் சொல்லத் தொடங்கினார். பெண்கள் கடைக்குப் போன் எடுக்கிறார்கள்... பிழையான நம்பர் என்று சொல்லுமுன் அழுகிறார்கள். படம் காட்டியது யாரென்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மனம் கேட்காமல் மனைவி ஸைனம்புவிடம் போனைக் கொடுத்துவிட்டார். அவள் பேசி, ஆறுதல் சொல்லி, பேரும் ஊரும் எழுதி வைத்தாள். நாற்பத்து மூன்று பேர்! விதுர்ஷாவிடமிருந்து மூன்று நாளாகப் போன் வராததால் இவரே அவளுக்கு எடுத்தார். வேறு குரல் கேட்டதும் பயந்து வைத்துவிட்டார்.

கடை டீவியில் கஜானி கார்ட்டூன் பட டிஸ்கைப் போட்டாள். கடைசிக் காட்சி.

உதவி நம்பரில் எட்டு வரவேண்டிய இடத்தில் ஆறு!

சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவள்... அவளேதான்.

ஸைனம்பு எழுதிய பட்டியலையும் டிஸ்கையும் சார்ஜன்ட்டின் மேசையில் போட்டாள். கள்ளக்காதலன் வெறும் அச்சுப்பிழை என்று தெரிந்ததும் மூடிய கொப்பி திறந்தது. பொழுது சாயுமுன் நிதுர்ஷன் உள்ளே.

மறுநாள் விதுர்ஷா கண் விழித்தாள். படத்தில் நம்பர் மாறியது எங்கள் பிழைதான் என்றாள் கஜானி.

"பரவாயில்லக்கா. பதினொரு தரமும் ஆரோ எடுத்தாங்களே."

கச்சி முகம்மதுவிடமும் கஜானி மன்னிப்புக் கேட்டு, நம்பரைத் திருத்திவிடுவதாகச் சொன்னாள்.

"சுருக்காத் திருத்துங்க புள்ள. இப்பல்லாம் நான் கொஞ்சம் சத்தமாக் கதைச்சாலே, ஸைனம்பு கொப்பியத் தூக்கிட்டு வந்து எண்ட பேரையும் ஊரையும் கேக்கிறா."