குவாரிக்குள் நின்ற புள்ளி

மாலை 5.10. மூடிக்கிடந்த கல்குவாரியின் அடியில் சர்வேயர் குப்புறக் கிடந்தார். குவாரிக்குள்ளேயே நாற்பதடி உயரத்தில் இருந்த பாறைத் திட்டிலிருந்து விழுந்திருக்கிறார். கால் தவறி விழுந்தவர் இல்லை. யாரோ பிடித்து இழுத்ததுபோல் சட்டையின் முதுகுப் பக்கம் தோளோடு கிழிந்திருந்தது.

உடலைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். பக்கத்து மேட்டில் ஜல்லி உடைக்கும் கிரஷர் நடத்துபவர். ஒரு பாறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படித் தெரிஞ்சது இங்கதான் இருக்காருன்னு?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"குடும்பத்துல மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் லொகேஷன் போட்டு வெச்சிருக்கோம் மேடம். நாலு மணிக்கு ஆபீஸ்ல உக்காந்து பார்த்தேன். மாப்பிள்ளையோட புள்ளி இந்தக் குவாரிக்குள்ள நின்னுச்சு. நகரவே இல்ல. மனசு கேக்காம ஓடி வந்தேன்."

"இறங்கினது நீங்க மட்டுமா?"

"ஆமா. அங்க இருக்கிறதெல்லாம் என் செருப்புத் தடம்தான்."

கேட்காத கேள்விக்கும் பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏட்டு போனை எடுத்தார். சிக்னல் காட்டும் இடத்தில் வெறும் பெருக்கல் குறிதான் இருந்தது. "இந்தப் பள்ளத்துல எந்தக் கம்பெனி சிம்மும் எடுக்காது மேடம். பேசணும்னா மேட்டுச் சாலைக்கு ஏறணும்." சொல்லிவிட்டு மேப்பைப் பார்த்தவர் வியந்துபோனார். வழி தேடுவதற்காகச் சாலையிலேயே திறந்து வைத்த மேப் அது. நீலப் புள்ளி பள்ளத்தின் நடுவில் சரியாக நின்றது.

"டவர் இல்லேன்னாலும் காட்டுதே! அப்ப இவர் சொல்றது சரிதான்."

இன்ஸ்பெக்டர் மேட்டுச் சாலையை நிமிர்ந்து பார்த்தாள்.

மாலை 5.40. ஸ்ட்ரெச்சர் மேட்டுச் சாலையைத் தொட்டதும் செத்தவரின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. ஒன்றல்ல, ஏழு மெசேஜ், வரிசையாக.

ஏட்டு எடுத்துப் பார்த்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் எழுத்து தெரிந்தது. ஏழும் மனைவி அனுப்பியவை. கடைசியில் ஒரு மேப் படம். மேட்டுச் சாலைத் திருப்பத்தில் இருக்கும் டீக்கடை மேல் புள்ளி. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'ரெண்டு மணி நேரமா டீக்கடையிலேயே உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல? பிள்ளைய டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போறது?'

"பாவம், செத்தும் திட்டு ஓயல," என்றார் ஏட்டு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவந்த மூன்று கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்க இந்த உத்தியோகம் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

"அந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது?"

"மேல 4.05னு இருக்கு மேடம்."

"போனைத் தனியா எடுத்து வைங்க."

மாலை 6.15. காவல் நிலையம். சர்வேயரின் ஜீப் டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தான். காலையில் லீவு கேட்டு சர்வேயரோடு சண்டை போட்டதை ஆபீசே பார்த்திருந்தது. மதியம் டீக்கடைத் திருப்பத்தில் அவரை இறக்கிவிட்டதும் அவன்தான். அதற்குள் ஏட்டு விசாரணையைக் கையாலேயே ஆரம்பித்திருந்தார். அவனுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. சர்வேயரின் மனைவியும் வந்து, "என் புருஷனைத் தின்னுட்டியேடா பாவி!" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போயிருந்தாள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவன் வாயைத் திறக்கவே பயந்தான். ஆயுள் முழுக்க உள்ளே கிடக்கவேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டான்.

"இறக்கிவிட்டு என்ன பண்ண?"

"ஜீப்லயே தூங்கிட்டேம்மா."

"பார்த்தவங்க?"

"தூங்குறவனை யாரும்மா பார்ப்பாங்க?"

"சர்வேயர் எதை அளக்கப் போனாரு?"

"அவர் மச்சானோட கிரஷர் எல்லைய. மூடின குவாரிக்குள்ள திருட்டுத்தனமா வெட்டியிருக்காங்கன்னு புகார். 'சொந்தமா இருந்தா என்ன, அளவு அளவுதான்'னு சொல்லிட்டே போனாரு."

மாலை 7.00. இன்ஸ்பெக்டர் அறையில் அண்ணனும் தங்கையும். கதவோரம் ஏட்டு.

"நாலு மணிக்கு உங்க போன்ல மாப்பிள்ளையோட புள்ளி எங்க இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே. குவாரிக்குள்ள."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா."

இன்ஸ்பெக்டர் தங்கையின் பக்கம் திரும்பினாள். "உங்க போன்ல?"

"டீக்கடையில. மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து அங்கேயே... படம் எடுத்து அவருக்கே அனுப்பினேன்."

"ஒரே ஆளு. ஒரே நேரம். ரெண்டு போன்ல ரெண்டு இடமா?"

"மேடம்," ஏட்டு குறுக்கிட்டார், "பள்ளத்துல என் போன் சரியா காட்டுச்சே?"

"உங்களுக்குக் காட்டுச்சு ஏட்டையா. வேற யாருக்குக் காட்டுச்சு? மேல இருக்கிற செயற்கைக்கோள் சொல்றதைக் கேட்டு, தான் எங்க இருக்கோம்னு போன் தானே கணக்குப் போட்டுக்கும். அதுக்கு டவர் வேண்டாம். ஆனா அதை இன்னொருத்தர் போனுக்குச் சொல்லணும்னா டவர் வேணும். பள்ளத்துல இறங்கின போனுக்குக் காது இருந்துச்சு, வாய் இல்ல. மேட்டுச் சாலைக்கு வர்ற வரைக்கும் ஒரு மெசேஜ்கூட உள்ள வரல. அப்ப சர்வேயர் இருக்கிற இடம் மட்டும் எப்படி வெளிய போகும்? கடைசியா டவர் கிடைச்ச டீக்கடையிலேயே புள்ளி நின்னுபோச்சு. அது குவாரிக்குள்ள நின்னதா ஒருத்தர் சொல்றாருன்னா, போனைப் பார்த்துச் சொல்லல. ஆளைத் தள்ளிவிட்டவர் சொல்றாரு. தன் செருப்புத் தடத்துக்குக் காரணம் வேணும்னு தானே போய்க் 'கண்டுபிடிச்சாரு'."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். கிரஷர்காரர் பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு முழுப் பொய் சொல்லியிருந்தார். இப்போது அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது பழைய படம்னு சொல்லிடும்மா. தெரியாம அனுப்பிட்டேன்னு சொல்லிடு. அந்த டிரைவர் யாரு நமக்கு? உன் பிள்ளைங்களுக்கு இனிமே என்னை விட்டா யார் இருக்கா?"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அவங்களுக்கு அப்பா இருந்தாரு அண்ணா. மத்தியானம் வரைக்கும் இருந்தாரு." வாக்குமூலத் தாளை இழுத்து, எழுத்து கலையாமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஒரே நாளில் புருஷனும் போய் அண்ணனும் போனான்.

இரவு 7.30. டிரைவரை விடச் சொல்லி உத்தரவு வந்தது. யாரும் அவனிடம் காரணம் சொல்லவில்லை. வாசலில் ஏட்டு பீடிக்கட்டை நீட்டி, "மனசுல எதுவும் வெச்சுக்காதப்பா. வேலை அப்படி," என்றார்.

டிரைவர் நின்றான். இடது காதைக் கையால் பொத்தி விட்டுப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க ஐயா. நீங்க அறைஞ்சதிலேர்ந்து அந்தக் காது கேக்கல."